இருபத்தாறாவது கையெழுத்து

மணி என்ன தோழர் ஆச்சு? ஒன்பது பத்தா? சரி, சரி. தோழர்னு கூப்பிட்டதும் உங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, முப்பது வருஷப் பழக்கம், வாயில வந்துடுது. சார்னே சொல்றேன்.

எதுக்குக் கேட்டேன்னா, பத்தரைக்கு நான் ஒரு எடத்துல இருக்கணும் சார். நாம பஸ் ஏறினோமே, அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷன்ல. தினம் பத்தரைக்குப் போய்க் கையெழுத்து போடணும், முப்பது நாளைக்கு. ஜாமீன் நிபந்தனை. இருபத்தஞ்சு போட்டுட்டேன். இன்னைக்கு இருபத்தாறு. அதைப் போடாம பஸ்ல உக்காந்திருக்கேன். ஒரு நாள் தவறினாலும் ஜாமீனை ரத்து பண்ணச் சொல்லி மனு போடுவாங்க, மறுபடி உள்ளதான்னு எங்க வக்கீலம்மா விரலை நீட்டிச் சொல்லியிருக்காங்க.

நகர்ந்து உக்காராதீங்க சார். திருட்டு இல்லை, அடிதடி இல்லை. பேஸ்புக் கேஸு.

என் பேரு சேரலாதன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தேன், விருப்ப ஓய்வு வாங்கிட்டேன். சங்கம், போராட்டம்னே வயசு போச்சு. முன்னெல்லாம் நோட்டீஸ் அடிச்சு, பசை வாளியை சைக்கிள்ல மாட்டிக்கிட்டு ஊர் பூரா ஒட்டுவோம். அப்புறம் எல்லாம் போனுக்குள்ள வந்துடுச்சு. எனக்குன்னு ஒரு பக்கம் உண்டு, நாப்பத்தோராயிரம் பேர் படிக்கறாங்க. காலையில கண்ணு முழிச்சா முதல்ல செய்தி பாக்கணும். பாத்தா வயிறு எரியும். டெல்லியில ஒரு சட்டம் வந்திருக்கும், இங்க ஒரு அறிக்கை வந்திருக்கும், எங்கயோ ஒருத்தனைக் கட்டி வெச்சு அடிச்சிருப்பானுங்க. ஒண்ணு விடாம நாலு வரி எழுதினாத்தான் பல்லு தேய்க்கவே போவேன். என் மனைவி விமலா காபியை வெச்சிட்டுப் போவா, அது ஆடை கட்டிக் கெடக்கும். "நீங்க எழுதலைன்னா அந்தச் சட்டம் நிறைவேறாதா?"ன்னு கேப்பா. அவ ஆரம்பப் பள்ளிக்கூட டீச்சர். நல்லவதான். அரசியல் கொஞ்சம் கம்மி.

அன்னைக்குக் காலையிலயும் அப்படித்தான். சாக்கடைக்குள்ள மனுஷன் எறங்குற வேலை இப்ப எங்கயும் கெடையாது, எல்லாம் மெஷின்தான்னு ஒரு பெரிய மனுஷர் சபையில பதில் சொல்லியிருந்தாரு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. அதை எழுதணும்னு வார்த்தையை யோசிச்சுக்கிட்டே பால் வாங்கப் போறேன், எங்க பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, சாக்கடைக்குள்ள இடுப்பளவு நின்னுக்கிட்டு ஒரு பொம்பளை சேத்தை அள்ளி மேல வீசுறாங்க. கையில உறை இல்லை, கால்ல பூட்ஸ் இல்லை. நான் போனை எடுத்தேன். சத்தம் கேட்டு அவங்க தலையைத் தூக்கிப் பாத்தாங்க. அந்த நொடி. கன்னத்துல சேறு, கண்ணுல நேர் வெளிச்சம். நல்ல படம் சார். நான் எடுத்ததுலயே நல்ல படம் அதுதான்.

"உங்க பேரு என்னம்மா?"ன்னேன்.

"சந்தனமாரி. ஆபீஸ்ல இருந்தா சார்?"ன்னாங்க.

நான் ஆமான்னு சொல்லலை. இல்லைன்னும் சொல்லலை. தலையை ஆட்டின மாதிரி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்.

பாலை வீட்டுல வெச்சுட்டு உடனே பதிவு போட்டேன். அந்தப் பெரிய மனுஷர் சொன்னது மேல, படம் கீழ. "இவர் பெயர் சந்தனமாரி. இவர் மெஷினா?" அவ்வளவுதான், ரெண்டே வரி. மத்தியானத்துக்குள்ள மூவாயிரம் பேர் ஷேர் பண்ணிட்டாங்க. மறுநாள் பதினாலாயிரம். துபாயிலேருந்து ஒருத்தர் போன்ல அழறாரு. ஒரு சேனல்ல காட்டினாங்க. நான் எழுதினதுல இந்த உயரத்துக்கு எதுவும் போனதில்லை. அந்த வாரம் நான் சாப்பிட்டேனா தூங்கினேனான்னே ஞாபகம் இல்லை. ஒவ்வொரு கமெண்டுக்கும் பதில் எழுதினேன். திட்டினவனுக்கும் எழுதினேன். திட்டினவனுக்குத்தான் நீளமா.

நாலாம் நாள் சாயங்காலம் வாசல்ல ஆளு நிக்கறாங்கன்னு விமலா கூப்பிட்டா. போய்ப் பாத்தா சந்தனமாரி. சுத்தமா சேலை கட்டி, தலையில பூ வெச்சு, எனக்கு அடையாளமே தெரியலை. பக்கத்துல பதினொரு வயசுப் பொண்ணு, யூனிபார்ம்ல. உள்ள வரச் சொன்னா வரலை. விமலாதான் கையைப் பிடிச்சு உள்ள உக்கார வெச்சு காபி குடுத்தா.

"அந்தப் படத்தை எடுத்துருங்க சார்"ன்னாங்க.

கான்ட்ராக்டர் அவங்களை வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லிட்டானாம். நான் உடனே, "இதை விடக்கூடாதும்மா, நாளைக்கே எழுதறேன்"ன்னேன். "வேலை போனது போகட்டும் சார்"ங்கறாங்க. "இவ பள்ளிக்கூடத்துல நான் ஆபீஸ்ல வேலை பாக்கறேன்னு சொல்லியிருக்கா. நானும் அப்படித்தான் சொல்லி வெச்சேன். இப்ப பிள்ளைங்க எல்லார் வீட்டு போன்லயும் அது இருக்கு. இவ பெஞ்சுல யாரும் உக்கார மாட்டேங்குறாங்க. இவ வந்தா மூக்கைப் பிடிக்கிறாங்க." அந்தப் பொண்ணு தர்ஷினி, டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தது. குடிக்கவே இல்லை.

நான் பொறுமையா விளக்கினேன் சார். உழைப்புல கேவலம் இல்லம்மா, வெக்கப்பட வேண்டியது அவங்க, நீங்க இல்லை. இருபத்தோராயிரம் பேர் கையில போயிடுச்சு, நான் ஒருத்தன் எடுத்தா என்ன ஆகும், பயந்து பின்வாங்கிட்டான்னு எதிராளிங்க கொண்டாடுவாங்க. எவ்வளவோ சொன்னேன். அவங்க கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "சரிங்க சார், நீங்க வெச்சிருக்கிறதை மட்டும் எடுத்துருங்க"ன்னாங்க. திரும்பத் திரும்ப அதேதான். விமலாவும், "உங்களோடதை எடுங்களேன், என்ன கெட்டுப் போச்சு?"ங்கறா. ரெண்டு பேருக்கும் நான் சொல்றது புரியலை.

யோசிச்சு சொல்றேன்னு அனுப்பி வெச்சேன். அன்னைக்கே இன்னொரு பதிவு எழுதினேன். "இன்று என் வீட்டு வாசலில் கண்ணீரோடு நின்றார் சந்தனமாரி"ன்னு ஆரம்பிக்கும். உண்மையைச் சொன்னா அவங்க அழலை சார். எழுதும்போது அப்படி வந்துடுச்சு. அது முதல் பதிவை விட அதிகமாப் போச்சு.

அப்புறம் ஆர்ப்பாட்டம் அறிவிச்சேன். அவங்களுக்கு வேலை திரும்பக் கெடைக்கணும், எல்லாருக்கும் கையுறை, பூட்ஸ் குடுக்கணும். பேஸ்புக்ல 'வருகிறேன்'னு அழுத்தினது ரெண்டாயிரத்து முந்நூறு பேர். நான் மைக் செட்டு, நூறு நாற்காலி எல்லாம் சொல்லிட்டேன். வந்தது ஏழு பேர் சார். ஏழு. அதுல ஒருத்தர் மப்டி போலீஸ், என் இனிஷியல் என்னன்னு கேட்டு எழுதிக்கிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. தோழர் பொன்னுலிங்கம் ஒருத்தர்தான் கடைசி வரைக்கும் கோஷம் போட்டாரு. அவரு எங்க அமைப்புல செயலாளர், டியூஷன் சென்டர் வெச்சிருக்காரு. சந்தனமாரி வரலை. யாருக்காக நிக்கறோமோ அவங்களே வரலை. அந்த வெறும் நாற்காலியெல்லாம் பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. நேரா நகராட்சி ஆபீசுக்குப் போனேன், ஆணையர் ரூமுக்குள்ள நுழைஞ்சேன், போனைத் தூக்கி லைவ் போட்டேன். "வெளிய போங்க"ன்னாரு. போகலை. மேஜையைத் தட்டினேன், கண்ணாடி விரிசல் விட்டுடுச்சு. எட்டாயிரம் பேர் நேரலையில பாத்துக்கிட்டு இருந்தாங்க. 'விடாதீங்க தோழர், விடாதீங்க தோழர்'னு கமெண்டு ஓடிக்கிட்டே இருந்தது.

வேன்ல ஏத்தும்போது போனைப் பிடுங்கிட்டாங்க. அப்ப அந்த எட்டாயிரம் பேரும் ஒரே நொடியில இல்லாமப் போயிட்டாங்க சார். நானும் ஒரு ஏட்டும்தான் வேன்ல.

பதினொரு நாள் உள்ள இருந்தேன். சாப்பாடு, கொசு எல்லாம் பழகிடும். இந்தக் கை இருக்கு பாருங்க, இதுதான் பழகலை. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சட்டைப் பைக்குப் போய் வெறுங்கையா வரும்.

ஜாமீன் விசாரணைக்குக் கூட்டிட்டுப் போனப்ப வக்கீலம்மா ஒரு பேப்பரைக் காட்டினாங்க. சந்தனமாரி குடுத்த புகார் மனு. "என் அனுமதி இல்லாமல் என்னைப் படம் எடுத்து, என் பெயரையும் போட்டு, கேட்டுக்கொண்ட பிறகும் எடுக்காமல், நான் அழுததாகப் பொய் எழுதி..." நான் யாரையும் அவ, இவன்னு பேசறவன் இல்லை சார், கொள்கையாவே வெச்சிருக்கேன். அன்னைக்குப் பேசினேன். "அவளுக்காகத்தானே உள்ள வந்தேன், அவளே எழுதிக் குடுத்துட்டாளா?"ன்னு கத்தினேன். வக்கீலம்மா, "மெதுவா"ன்னாங்க. அப்பதான் எழுத்தைப் பாத்தேன். குண்டு குண்டா, கரும்பலகையில எழுதற மாதிரி எழுத்து. எங்க வீட்டு மளிகைச் சீட்டுல மாசா மாசம் பாக்கற எழுத்து.

ஆமா சார். விமலா எழுத்து.

கோர்ட் வராண்டாவுலயே கேட்டேன். மறைக்கவே இல்லை அவ. "ஆமா, நான்தான் எழுதினேன். அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்."

"எனக்கு எதிராவா?"

"அவ சொன்னதை எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டலை. நீங்கதான் கூட்டி எழுதுவீங்க."

அதே விமலாதான் அன்னைக்கு எனக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டா. வீட்டுப் பத்திரத்தைக் கைப்பையில கொண்டு வந்திருந்தா. இதை எதுல சேக்கறதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை சார்.

நிபந்தனை என்னன்னா, எங்க ஊருக்குள்ள கால் வைக்கக்கூடாது, நூறு கிலோமீட்டர் தள்ளி அந்த ஊர்ல தங்கணும், தினம் பத்தரைக்குக் கையெழுத்து, எந்தப் பதிவும் போடக்கூடாது. ஸ்மார்ட்போன் கோர்ட்டுல. கையில ஒரு பட்டன் போன். லாட்ஜுல ஒரு ரூமு, ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவரு, கையை நீட்டினா தொடலாம். கீழ மெஸ்ஸுல டி.வி. ஓடிக்கிட்டே இருக்கும். காலையில இட்லி வெச்சுக்கிட்டு உக்காந்தா செய்தி வரும். அந்தப் பெரிய மனுஷர் வருவாரு, சிரிப்பாரு. நான் இட்லியைக் கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. பக்கத்து டேபிள்காரன்கிட்ட, "பாத்தீங்களா தோழர், என்ன அநியாயம்"ன்னா அவன் சட்னியை நகர்த்தி வெச்சிட்டு வேற எடத்துக்குப் போயிடுவான். பேப்பர் வாங்கி அந்த ஓரத்து வெள்ளையில எழுத ஆரம்பிச்சேன். இருபத்தஞ்சு நாள் பேப்பரு, நாலு ஓரமும் எழுதியிருக்கேன். ரூமுல கட்டா இருக்கு. யாருக்குக் காட்ட?

போன வாரம் பேப்பர்ல மாவட்டப் பக்கத்துல, சின்னச் செய்தி. எங்க நகராட்சியில தூய்மைப் பணியாளர் அறுபத்திரண்டு பேருக்குக் கையுறை, பூட்ஸ் குடுத்திருக்காங்க. நான் கத்திட்டேன் சார். மெஸ்காரரு ஓடி வந்துட்டாரு. ஜெயிச்சுட்டோம்னேன். என்ன ஜெயிச்சீங்கன்னாரு. விமலாவுக்குப் போன் போட்டு, "பாத்தியா, வீண் போகலை பாத்தியா"ன்னேன்.

"பாத்தேன். அறுபத்திரண்டு பேர்ல மாரி இல்லை"ன்னா.

அப்பதான் மத்ததெல்லாம் சொன்னா. சந்தனமாரி இப்ப ஒரு கல்யாண மண்டபத்துல பாத்திரம் தேய்க்கறாங்க. பொண்ணை அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு எடுத்து, ஊருக்கு மறு கோடியில, மண்டபத்துப் பக்கத்துலயே ஒரு பள்ளிக்கூடத்துல சேத்திருக்காங்க. சேத்து விட்டது விமலாதான். அங்க யாருக்கும் அந்தப் படம் தெரியாது, தெரிஞ்சாலும் இவங்கதான்னு தெரியாது. புதுசா ரெண்டு சிநேகிதி கூட கெடைச்சிருக்காங்களாம் அந்தப் பொண்ணுக்கு. "நீங்க வந்ததும் அவங்களைப் பாக்கறேன், மன்னிப்பு கேக்கறேன்னு கிளம்பாதீங்க. அவளுக்கு இப்ப ஒண்ணே ஒண்ணுதான் வேணும். யாரும் ஞாபகம் வெச்சுக்காம இருக்கணும்"ன்னா.

சரின்னேன். நிஜமாவே சரின்னுதான் சார் சொன்னேன்.

நேத்து சாயங்காலம் தோழர் பொன்னுலிங்கம் போன். குரல்ல அவ்வளவு சந்தோஷம். ஞாயித்துக்கிழமை எனக்கு வரவேற்பாம், வெற்றி விழாவாம். கல்யாண மண்டபத்தைப் புடிச்சிருக்காங்களாம், பன்னெண்டடி உயரத்துல ஃபிளெக்ஸ் கட்டியாச்சாம். "ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் அந்தப் படம். பேரும் போட்டிருக்கு. ரோட்டுல போறவன் நின்னு பாக்கறான் தோழர்"ங்கறாரு. எந்த மண்டபம்னு கேட்டேன். அதே மண்டபம். எங்க ஊர்ல நம்ம கைக்கு அடங்கற மண்டபம் அது ஒண்ணுதான்.

"அதை எறக்கிடுங்க தோழர். அவங்க படம் வேண்டாம்"ன்னேன். சிரிக்கிறாரு. "தன்னடக்கமா? படம் இல்லாம எவன் தோழர் திரும்பிப் பாப்பான்? நீங்க கத்துக்குடுத்ததுதானே." நான் காரணத்தைச் சொன்னேன். அவங்க அங்கதான் வேலை பாக்கறாங்க, பொண்ணு அந்தத் தெருவுலதான் படிக்குதுன்னு. "அப்படியா"ன்னாரு. அப்புறம், "அப்ப அவங்களையே மேடை ஏத்திடலாமே! அவங்க கையால உங்களுக்குத் துண்டு போடச் சொல்லலாமே!"ங்கறாரு.

உங்களுக்குச் சிரிப்பு வருது. எனக்கு வரலை சார். ஏன்னா ஒரு நொடி, ஒரே நொடி, அந்த மேடை என் கண்ணுல வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் பேசிப் பேசிப் பாத்தேன். நான் தனியா முடிவெடுக்க முடியாது, கமிட்டி முடிவு, காசு குடுத்து அடிச்சாச்சு, நீங்க நேர்ல வந்து சொல்லுங்க பாப்போம்னு வெச்சுட்டாரு. நேர்ல எப்படி வர? அஞ்சு நாள் இருக்கே இன்னும். நகராட்சிக்கே போன் பண்ணி அனுமதியில்லாத ஃபிளெக்ஸுன்னு சொல்லிடலாமான்னு நெனச்சேன். அவங்க எறக்கினா, அடக்குமுறைன்னு சொல்லி இவரு ஊர் பூரா பத்து எடத்துல வைப்பாரு. நானா இருந்தாலும் அப்படித்தான் வைப்பேன்.

இன்னைக்குக் காலையில ஏழரைக்கு விமலா கூப்பிட்டா. காலாண்டு லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் பள்ளிக்கூடம் திறக்குது. அம்மா மண்டபத்துக்கு வேலைக்குப் போறப்பவே தர்ஷினியும் கூடக் கிளம்பி, ஆறு மணிக்கெல்லாம் தெருமுனை வரைக்கும் வந்துட்டு, நிமிந்து பாத்துட்டு, அப்படியே திரும்பி வீட்டுக்கு ஓடிடுச்சாம். இனிமே எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போக மாட்டேன்னு கதவைச் சாத்திக்கிச்சாம். விமலா லீவு போட்டுட்டு, காய் நறுக்குற கத்தியை எடுத்துக்கிட்டு ஃபிளெக்ஸை அறுக்கப் போயிருக்கா. அங்க இருந்த நம்ம பசங்க விடலை. "அண்ணி, சேரலாதன் தோழர் சொன்னா எறக்குறோம்"னுட்டாங்களாம்.

"உங்க முகம் போட்டது. நீங்க வந்து எறக்குங்க"ன்னா.

"வந்தா ஜாமீன் போயிடும் விமலா. மறுபடி உள்ள போகணும்."

"தெரியும். அந்தப் பத்திரத்துல கையெழுத்து போட்டது நான்தானே"ன்னா. போனை வைக்கலை. மூச்சு விடற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

ஏழரையிலேருந்து எட்டே முக்கால் வரைக்கும் லாட்ஜு படிக்கட்டுல உக்காந்திருந்தேன் சார். ஸ்டேஷன் எதிர்ப்பக்கம்தான், தெரியும் அங்கேருந்து. போய், ரைட்டர் கிட்ட நிலைமையைச் சொல்லி, இப்பவே போட்டுக்கறேன்னு கேட்டேன். நல்ல மனுஷன்தான். "கோர்ட்டு ஆர்டர்ல பத்தரைன்னு போட்டிருக்கே சார், என் கையில இல்லை. ஊரை விட்டுப் போறேன்னு வேற சொல்றீங்க, நான் காதுல வாங்கலைன்னு வெச்சுக்குங்க"ன்னாரு. வெளிய வந்தேன். இந்த பஸ் நின்னுச்சு. ஏறிட்டேன்.

ஏறினதுலேருந்து பாருங்க, மனசுக்குள்ள வரி ஓடிக்கிட்டே இருக்கு. 'ஒரு கையெழுத்தை விடப் பெரியது ஒரு குழந்தையின் பள்ளிக்கூடம்'. நல்லா இருக்குல்ல? யாருக்கும் சொல்லாமப் போறோமேன்னு ஒரு பக்கம் இருக்கு. நாளைக்கு ஜாமீன் ரத்தாயிடுச்சுன்னா, எதுக்குப் போனான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. காரணத்தைச் சொன்னா மறுபடி அவங்க பேரைச் சொல்லணும். கோர்ட்டுல கூட சொல்ல முடியாது. வக்கீலம்மா கேட்டா வயித்து வலின்னு சொல்லலாம்னு இருக்கேன். நம்ப மாட்டாங்க.

பத்தரை தாண்டிடுச்சா? தாண்டி ரொம்ப நேரம் ஆச்சா. சரி.

கண்டக்டர், மண்டபம் ஸ்டாப்புல நிறுத்துங்க, எறங்கணும்! கொஞ்சம் காலை மடக்கிக்குங்க சார்.

அந்தா தெரியுது பாருங்க. ஐயோ. பன்னெண்டடின்னாரு, இது அதுக்கும் மேல இருக்கே. என் பல்லு கூடத் தெரியுது. அவங்க கன்னத்துச் சேறு இவ்வளவு பெரிசா... கீழ ரெண்டு பொம்பளைங்க நிக்கறாங்களே, ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது விமலா. பக்கத்துல சேலைத் தலைப்பால முகத்தை மூடிக்கிட்டு நிக்கறது அவங்கதான். வேலையை விட்டுட்டு வந்திருக்காங்க.

என்ன சார் பண்றீங்க? வேண்டாம் சார். கெஞ்சிக் கேக்கறேன், அந்த போனைக் கீழ எறக்குங்க. எடுக்காதீங்க.